1825 உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு இல்லாதிருந்தால்: பிரேசிலுக்கு ஓர் ஆப்பிரிக்கப் பேரரசு அமைந்திருக்குமா?

தென்கடல்:

மாற்று வரலாறு என்றாலே ஏதாவது ஒரு போரின் முடிவைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நம் வழக்கம். இந்த இழையில் ஓர் உடன்படிக்கையின் ஒரே ஒரு பிரிவை நீக்கிவிட்டு, அதன் பின் என்ன நடந்திருக்கும் என்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

1825 ஆகஸ்ட் 29 அன்று ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் போர்ச்சுகல் பிரேசிலின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. போர்ச்சுகலின் காலனி எதுவும் பிரேசிலோடு சேர முன்வந்தால் அதை ஏற்பதில்லை என்று பேரரசர் முதலாம் பெட்ரோ அதன் மூன்றாம் பிரிவில் வாக்களிக்கிறார். அப்போதுதான் தன் காலில் நிற்கத் தொடங்கியிருந்த ஒரு நாட்டிடம் இப்படியொரு வாக்குறுதியை எதற்காகக் கேட்டு வாங்க வேண்டும்? அதற்கான தேவை மெய்யாகவே இருந்தது. 1822 செப்டம்பரில் பிரேசில் விடுதலையை அறிவித்தபோது, அட்லாண்டிக்கின் மறுகரையில் போர்ச்சுகலின் காலனியான அங்கோலாவின் லுவாண்டா, பெங்கேலா ஆகிய துறைமுகங்களில் வாழ்ந்த வணிகர்களுக்கு லிஸ்பனைவிட ரியோதான் நெருக்கமாக இருந்தது. பெங்கேலாவில் பிரேசிலோடு இணைய வேண்டும் என்று வெளிப்படையாகவே ஓர் அணி பேசியது. லிஸ்பன் நாடாளுமன்றத்துக்கு அங்கோலாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் புறப்பட்டவர்களில் சிலர் வழியில் ரியோவிலேயே தங்கிவிட்டார்கள்.

என் கற்பனை இங்கிருந்து தொடங்குகிறது. 1823 ஜூலையில் பிரேசிலின் பாஹியா மாகாணத்திலிருந்து போர்ச்சுகீசியப் படை வெளியேறிய பிறகு, பிரேசில் கடற்படை ஒரு கப்பலைப் பெங்கேலாவுக்கும் அனுப்புகிறது. நகர மன்றம் பேரரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கிறது, சில மாதங்களில் லுவாண்டாவும் பின்தொடர்கிறது. 1825இல் உடன்படிக்கை பேசப்படும் வேளையில் அங்கோலா ஏற்கெனவே பிரேசிலின் கையில் இருக்கிறது. காலனியாக இருந்த நாடு தனக்கென்று கடல் கடந்த காலனி ஒன்றை வைத்திருக்கும் நிலை. இது எவ்வளவு காலம் நீடித்திருக்கும், யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

பாய்மரம்:

கடல் வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தக் கற்பனைக்கு மிக உறுதியான அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. தென் அட்லாண்டிக்கில் காற்றும் நீரோட்டமும் ஒரு பெரிய வட்டமாகச் சுழல்கின்றன. லுவாண்டாவிலிருந்து புறப்படும் பாய்க்கப்பலைத் தென்கிழக்கு வணிகக் காற்று நேராகப் பிரேசில் கரைக்குத் தள்ளிவிடும். திரும்பி வருகிறவர்கள் தெற்கே இறங்கி, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி வடக்கே செல்லும் பெங்கேலா நீரோட்டத்தில் ஏறிக்கொள்வார்கள். லிஸ்பனிலிருந்து லுவாண்டாவுக்குப் போகிற கப்பலும் பாய்மரக் காலத்தில் பெரும்பாலும் பிரேசில் பக்கமாக வளைந்துதான் சென்றது. நிலப்படத்தில் நேர்கோடு போட்டுத் தொலைவை அளப்பவர்களுக்கு இது தெரியாது.

ஆகவே பிரேசிலிலிருந்து அங்கோலாவைப் பிடிப்பது புதிய எண்ணம் அன்று. 1641இல் டச்சுக்காரர்கள் லுவாண்டாவைக் கைப்பற்றினார்கள். 1648 ஆகஸ்டில் அதை மீட்டது ரியோவிலிருந்து சால்வடோர் கொரேயா டி சா தலைமையில் புறப்பட்ட கப்பற்படை. லிஸ்பன் அரசர் ஒப்புதல் அளித்தார் என்பது உண்மை, ஆனால் அதற்கான பணத்தில் பெரும்பகுதி ரியோவில் திரட்டப்பட்டது. கரும்பு ஆலைகளுக்கு அடிமைகள் வேண்டும் என்பதே அவர்களை அங்கே இழுத்தது. அங்கோலா இல்லாவிட்டால் கறுப்பின மக்கள் இல்லை, அவர்கள் இல்லாவிட்டால் பிரேசிலின் கரும்பு மாகாணமான பெர்னாம்புகோ இல்லை என்ற கருத்தைப் பாதிரியார் அந்தோனியோ வியெய்ரா அதே ஆண்டில் எழுதினார்.

1823ஐ எடுத்துக்கொண்டாலும் கடற்படைத் திறன் போதுமானதாகவே இருந்தது. பிரேசில் கடற்படைத் தலைவர் காக்ரேன் பிரபு ஒரே கப்பலோடு பிரேசிலின் வடக்கே போர்ச்சுகீசியர் வசமிருந்த மரன்யாவுக்குப் போய், பின்னால் பெரும்படை வருவதாக நம்பவைத்து அந்நகரைச் சரணடையச் செய்தார். நிதெரோய் என்ற பிரேசில் போர்க்கப்பல் பின்வாங்கிய போர்ச்சுகீசியக் கப்பல்களை டேகஸ் ஆற்றின் முகத்துவாரம் வரை துரத்திச் சென்றது. லிஸ்பனின் வாசல் வரை போக முடிந்த கடற்படைக்குப் பெங்கேலா எட்டாத இடம் ஆகாது.

கல்வெட்டு:

கப்பல் போய்ச் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கப்பல் போய்ச் சேர்ந்த செய்தி இலண்டனை எட்டிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் தென்கடல் அவர்களின் காலவரிசை தடுமாறுகிறது.

மூன்றாம் பிரிவைப் போர்ச்சுகலின் தன்மானம் சார்ந்த ஒன்றாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். அந்த உடன்படிக்கையைப் பேசி முடித்தவர் பிரிட்டனின் தூதர் சார்ல்ஸ் ஸ்டுவர்ட். அவருக்குப் பின்னால் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கானிங் இருந்தார். 1815இல் பிரிட்டனும் போர்ச்சுகலும் செய்துகொண்ட ஒப்பந்தம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அடிமை வணிகத்தைத் தடை செய்தது. தெற்கே அதைப் போர்ச்சுகல் தன் சொந்த ஆட்சிப் பகுதிகளின் தேவைக்காக நடத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. பிரேசில் தனி நாடானதும் இந்தச் சலுகையின் அடிப்படை சரிந்தது: அங்கோலா போர்ச்சுகலுடையது, பிரேசில் அயல்நாடு, அயல்நாட்டுக்கு அடிமைகளை அனுப்பப் போர்ச்சுகலுக்கு உரிமை இல்லை. பிரிட்டன் இந்த வாதத்தை விடாமல் பற்றிக்கொண்டது.

இப்போது அங்கோலாவைப் பிரேசிலோடு சேர்த்துப் பாருங்கள். லுவாண்டாவிலிருந்து ரியோவுக்கு மனிதர்களை ஏற்றிச் செல்வது ஒரே கொடியின் கீழ், ஒரே நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையே நடக்கும் உள்நாட்டுப் போக்குவரத்து ஆகிவிடும். நடுக்கடலில் அந்தக் கப்பலை நிறுத்துவதற்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது? இலண்டன் அஞ்சியது இதற்குத்தான். ஆகவே அங்கோலாவை வைத்துக்கொண்டிருக்கும் பிரேசிலுக்கு 1825இல் பிரிட்டனின் அங்கீகாரம் கிடைத்திருக்காது என்று நான் உறுதியாகவே சொல்வேன். அமெரிக்கா 1824இலேயே அங்கீகரித்துவிட்டது. ஆயினும் பிரேசிலின் கடனும் வணிகமும் இலண்டனைச் சுற்றியே நடந்தன. 1810 முதல் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு அங்கே 15 விழுக்காடுதான் சுங்கம். போர்ச்சுகலின் சொந்தச் சரக்குகளைவிடவும் அது குறைவு.

வினாமலர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இரண்டு ஐயங்கள். காலனியாக இருந்து பின்னர் கடல் கடந்து ஆண்ட நாடுகள் உண்மை வரலாற்றிலேயே இருக்கின்றனவே, அவற்றோடு ஒப்பிட முடியாதா? மேலும் அந்த மூன்றாம் பிரிவு கோவாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பொருந்துமா?

தென்கடல்:

இரண்டாவதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எந்தக் காலனியும் என்றே வாசகம் இருப்பதால் கோவாவும் அடங்கும். ஆனால் கோவா பிரேசிலோடு சேர்ந்திருக்கக்கூடும் என்று எண்ண எனக்கு ஆதாரம் இல்லை. மொசாம்பிக் வேறு. ரியோவின் அடிமை வணிகர்கள் அங்கும் வேரூன்றியிருந்தார்கள்.

முதல் கேள்விக்கு: அமெரிக்கா 1898இல் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து ஃபிலிப்பைன்ஸைப் பெற்றது. சிலி 1888இல் ஈஸ்டர் தீவை இணைத்துக்கொண்டது. ஆஸ்திரேலியா 1906 முதல் பப்புவாவை ஆண்டது. இவையெல்லாம் தனி நாடாகவோ தன்னாட்சி பெற்றோ பல காலம் ஆன பிறகு, புதிதாகத் தேடிச் சென்று பெற்றவை. பிரேசில் காலனியாக இருந்தபோதே இன்னொரு காலனியை நடைமுறையில் இயக்கிக்கொண்டிருந்தது. டச்சுக்காரர்களை எதிர்த்துப் பெர்னாம்புகோவில் போரிட்ட ஜோவான் பெர்னாண்டஸ் வியெய்ராவும், அவருக்குப் பின் ஆண்ட்ரே விடால் டி நெக்ரெய்ரோஸும் அங்கோலாவின் ஆளுநர்களாக அமர்ந்தார்கள். பிரேசிலின் கரும்புச் சாராயமும் மரவள்ளி மாவும் அங்கோலாவுக்குப் போயின. (நம் ஊர் மரவள்ளிக் கிழங்கும் பிரேசிலைத் தாயகமாகக் கொண்டதே. அது ஆப்பிரிக்காவுக்குச் சென்ற கப்பல்களில் திரும்பும்போது என்ன ஏற்றினார்கள் என்பதை அறிந்த பிறகு அந்தச் செடியை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.) ஆகவே என் கேள்வி புதிய பேரரசு உருவாவதைப் பற்றியதல்ல. ஏற்கெனவே இருந்த ஒன்று சட்டப்படி பெயர் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான்.

அகல்விளக்கு:

இந்த இழையை முதல் பதிவிலிருந்து கவனமாகப் படித்தேன். காற்று, கப்பல், சுங்கம், உடன்படிக்கை எல்லாம் பேசப்பட்டிருக்கின்றன. அங்கோலாவில் வாழ்ந்த மக்கள் இதுவரை சரக்காக மட்டுமே இங்கே வந்திருக்கிறார்கள் என்பது என்னை வருத்துகிறது. யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களை விட்டுவிட்டால் இந்த மாற்று வரலாறே தவறாகப் போய்விடும் என்பதற்காக எழுதுகிறேன்.

அங்கோலா பிரேசிலோடு சேர்கிறது என்கிறோம். 1823இல் அங்கோலா என்பது எது? லுவாண்டா, பெங்கேலா ஆகிய இரு நகரங்கள், குவான்சா ஆற்றை ஒட்டி முஷிமா, மசங்கானோ, கம்பாம்பே போன்ற சில கோட்டைகள், அவற்றைச் சுற்றிய நிலம். அதற்கு அப்பால் குவாங்கோ ஆற்றுப் பக்கம் கசான்ஜே அரசு இருந்தது. அதற்கும் கிழக்கே இருந்த லுண்டா அரசிலிருந்து வரும் வணிகம் அதன் கையைக் கடந்துதான் கரையை அடைய முடியும். பெங்கேலாவுக்குப் பின்னால் மேட்டுநிலத்தில் பைலுண்டோ, வியே முதலிய ஒவிம்புண்டு அரசுகள் இருந்தன. வணிகக் கூட்டங்களைக் கரைக்கு அனுப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் முடிவு. பைலுண்டோவைப் போர்ச்சுகல் அடக்கியது 1902இல்தான். ஆகவே பெங்கேலா நகர மன்றம் எந்தக் கொடியை ஏற்றினாலும் மேட்டுநில அரசர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் கேட்கப்போவது சாராயத்துக்கும் துணிக்கும் துப்பாக்கிக்கும் என்ன விலை என்பதைத்தான். அந்தத் துணியிலும் துப்பாக்கியிலும் பிரேசிலால் சொந்தமாகச் செய்து தரக்கூடியவை மிகக் குறைவு. சாராயமும் புகையிலையுமே அதன் கையிருப்பு.

இன்னொன்றும் உண்டு. பிரேசில் படைகள் உள்நாட்டில் புகுந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. தென்கடல் குறிப்பிட்ட அதே விடால் டி நெக்ரெய்ரோஸ் ஆளுநராக இருந்தபோதுதான், 1665 அக்டோபரில் ம்ப்விலா போரில் கொங்கோ அரசர் முதலாம் அந்தோனியோ கொல்லப்பட்டார். அதன் பின் கொங்கோ அரசு நெடுங்கால உள்நாட்டுப் போரில் சிதைந்தது. தோற்றவர்களையெல்லாம் யார் விலைக்கு வாங்கினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டுப் பிரேசில் மண்ணில் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும் பங்கினர் இந்தக் கரையிலிருந்து வந்தவர்கள். விடுதலை பெற்ற ஒரு நாடு பேரரசாக உயர்வது என்ற சொற்றொடரில் ஒரு பெருமித ஒலி இருக்கிறது. 1822இல் பிரேசிலின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அடிமை. அந்த விடுதலை அவர்களுக்குரியதாக இருக்கவில்லை. அங்கோலாவை இணைத்திருந்தால் அதுவும் அவர்களை இன்னும் எளிதாகப் பிடித்து வருவதற்கான ஏற்பாடாகவே இருந்திருக்கும்.

தென்கடல்:

அகல்விளக்கு அவர்களே, நீங்கள் சொல்வது சரி. என் முதல் பதிவில் லுவாண்டா சேர்கிறது, பெங்கேலா சேர்கிறது என்று எழுதியபோது நானும் அந்த வணிகர்களின் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். திருத்திக்கொள்கிறேன்.

கல்வெட்டு:

அகல்விளக்கு அவர்களின் பதிவு என் வாதத்தையும் கூர்மையாக்குகிறது. உள்நாட்டை ஆள முடியாது, கரையை மட்டும் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றால் அதற்குத் தொடர்ந்து பணமும் படையும் வேண்டும். பிரேசிலிடம் அவை இருந்தனவா? உண்மை வரலாற்றில் 1825 உடன்படிக்கையின் விலை 20 இலட்சம் பவுண்டு. அதில் 14 இலட்சம், போர்ச்சுகல் இலண்டனில் வாங்கியிருந்த கடனைப் பிரேசில் ஏற்றுக்கொண்டது. 1824இல் வடகிழக்கில் நிலநடுக்கோட்டுக் கூட்டமைப்பு என்ற கிளர்ச்சி வெடித்தது. 1825 முதல் 1828 வரை தெற்கெல்லையில் இருந்த சிஸ்பிளாட்டினா மாகாணத்துக்காக அர்ஜென்டினாவோடு போர் நடந்தது. அதன் முடிவில் உருகுவே தனி நாடானது. தன் சொந்த எல்லையில், குதிரையில் சென்றடையக்கூடிய ஒரு மாகாணத்தையே காப்பாற்ற முடியாத அரசு, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு கரையை எப்படிக் காப்பாற்றும்?

1831 ஏப்ரல் 7 அன்று பேரரசர் பெட்ரோ முடிதுறந்தார். மகனுக்கு வயது 5. அதன் பின் பத்து ஆண்டுகளில் பாராவில் கபானாஜெம், தெற்கே ஃபரோபிலியா, பாஹியாவில் சபினாடா, மரன்யாவில் பலாயாடா என்று கிளர்ச்சி ஓயவில்லை. அந்த ஆண்டுகளில் லுவாண்டாவுக்குச் சம்பளமும் வெடிமருந்தும் அனுப்பியிருக்க வாய்ப்பே இல்லை.

பாய்மரம்:

எதிர்வாதம் ஒன்றை வைக்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பணம் இல்லை என்பது அரசிடம் இல்லை என்ற அளவில்தான் உண்மை. ரியோவின் அடிமை வணிகர்களிடம் நிறையவே இருந்தது. 1648இலும் அப்படித்தான். பிரேசில் நாடாளுமன்றம் 1831 நவம்பர் 7 அன்று அடிமை இறக்குமதியைச் சட்டப்படி தடை செய்தது. அது ஆங்கிலேயருக்குக் காட்டுவதற்கு என்று மக்கள் சொல்லும் அளவுக்குப் பின்னர் செயலற்றுப் போயிற்று. 1850 வரை 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை இருபது ஆண்டுகள் துரத்தியும் நிற்காத வணிகம் அது. அத்தகைய ஆற்றல் உள்ளவர்கள், தங்கள் வருவாயின் ஊற்றுக்கண்ணான பெங்கேலாவைக் காக்கத் தாங்களே ஒரு காவற்படையை நிறுத்தியிருக்க மாட்டார்களா?

மாறாக, வேறொரு பாதையும் அப்போது இருந்தது. விடுதலையின் மூளையாகச் செயல்பட்ட ஜோசே போனிஃபாசியோ, ஆப்பிரிக்கக் கரையில் குடியேற்றங்கள் எங்களுக்கு வேண்டாம், பிரேசிலே எங்களுக்குப் போதிய பெரிய நாடு என்ற கருத்தைப் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியிடம் 1823இலேயே தெரிவித்திருந்தார். அடிமை வணிகத்தை நிறுத்தி, அடிமை முறையையும் படிப்படியாக ஒழிக்கும் திட்டம் ஒன்றை அரசியலமைப்பு மன்றத்துக்காக எழுதி வைத்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பேரரசர் மன்றத்தைக் கலைத்தார், போனிஃபாசியோ நாடு கடத்தப்பட்டார். பேரரசு வேண்டும் என்றவர்களும் அடிமைகள் வேண்டும் என்றவர்களும் ஒரே ஆட்கள் என்பதும், அந்தப் பேரரசை மறுத்த அரசியல்வாதியே அடிமை முறையையும் மறுத்தார் என்பதும் தற்செயல் அல்ல என்று கருதுகிறேன்.

கல்வெட்டு:

வணிகர்கள் சொந்தக் காவற்படை நிறுத்தியிருப்பார்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது பிரேசில் பேரரசின் காலனியாக இருக்காது, சில குடும்பங்களின் கிடங்காக இருக்கும். வணிகர் சட்டவிரோதமாக வெற்றி பெற்றதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களுக்குப் பாதுகாக்க நிலம் இல்லை. கொடியை மாற்றிக்கொள்ளலாம், இறக்கும் கடற்கரையை மாற்றிக்கொள்ளலாம். நிலம் கைக்கு வந்துவிட்டால் பிரிட்டிஷ் பீரங்கிக்கு ஒரு குறி கிடைத்துவிடும். 1850இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரேசிலின் சொந்தத் துறைமுகங்களுக்குள்ளேயே நுழைந்து கப்பல்களைப் பிடித்தன. அந்தச் செப்டம்பரிலேயே யூசேபியோ டி கெய்ரோஸ் சட்டம் நிறைவேறி வணிகம் நின்றது. பெங்கேலா பிரேசிலுடையதாக இருந்திருந்தால் அந்த முற்றுகை பல ஆண்டுகள் முன்னதாக அங்கே தொடங்கியிருக்கும்.

அகல்விளக்கு:

அப்படியானால் ஒரு விந்தையான விளைவு கிடைக்கிறது. நிலம் கையில் இல்லாததால் வணிகம் நீண்டது, இருந்திருந்தால் விரைவில் முடிந்திருக்கும். இது மெய்யானால் மூன்றாம் பிரிவை எழுதியவர்கள் தாங்கள் தடுக்க நினைத்ததை நீட்டித்துவிட்டார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, ஏனென்றால் முற்றுகை தொடங்கும் வரையிலான அந்தச் சில ஆண்டுகளில் எத்தனை பேர் அவசரமாகக் கப்பலேற்றப்பட்டிருப்பார்கள் என்பதையும் எண்ண வேண்டும். 1831 தடைக்கு முந்தைய சில ஆண்டுகளில் ரியோவில் அப்படித்தான் இறக்குமதி பெருகியது.

மக்கள் நடமாட்டத்தையும் உங்கள் காலவரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1835 ஜனவரியில் பாஹியாவின் சால்வடோர் நகரில் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் முன்னின்ற மாலே கிளர்ச்சிக்குப் பின், விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பலர் நாடு கடத்தப்பட்டும் அச்சத்தாலும் லாகோஸ், உய்டா, அக்ரா ஆகிய ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்கள் வழியினர் இன்றும் அங்கே பிரேசில் பெயர்களோடு வாழ்கிறார்கள். 1849 ஆகஸ்டில் அங்கோலாவின் தென்கரையில் மொசாமெடெஸ் குடியேற்றத்தைத் தொடங்கியவர்களோ, பெர்னாம்புகோவில் எழுந்த போர்ச்சுகீசிய எதிர்ப்புக் கலவரங்களால் வெளியேறிய போர்ச்சுகீசியர்கள். பேரரசு இல்லாமலேயே இவ்வளவு பேர் அக்கடலைக் கடந்தார்கள். லுவாண்டா பிரேசில் மாகாணமாக இருந்திருந்தால், நாடு கடத்தப்பட்டவர்களை அங்கே அனுப்பிவிட்டிருப்பார்கள். கிளர்ச்சியை அறிந்தவர்கள் அங்கே என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

தென்கடல்:

எல்லோருடைய பதிவுகளையும் வைத்து என் காலவரிசையை மாற்றி எழுதுகிறேன்.

1823இன் இறுதியில் பெங்கேலா மட்டும் பிரேசில் கொடியை ஏற்றுகிறது. லுவாண்டா தயங்குகிறது, ஏனென்றால் ஆளுநரும் படையும் அங்கே இருக்கிறார்கள். 1825இல் உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. பிரிட்டனின் அங்கீகாரம் தள்ளிப்போகிறது, கடன் கிடைக்காமல் சிஸ்பிளாட்டினா போர் இன்னும் விரைவாகக் கைவிட்டுப் போகிறது. பேரரசர் பெங்கேலாவைத் திருப்பித் தந்து அங்கீகாரம் பெறலாமா என்று பேசும்போது, ரியோவின் வணிகர்கள் அவரைத் துரோகி என்கிறார்கள். முடிதுறப்பு 1831 வரை காத்திருக்காமல் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதன் பின் பெங்கேலாவுக்கு ரியோவிலிருந்து ஆணை எதுவும் வருவதில்லை, வணிகர்களின் காவற்படை மட்டும் இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல்கள் துறைமுகத்தை அடைக்கின்றன. நகரத்துக்கு வேண்டிய உணவும் ஆட்களும் மேட்டுநிலத்திலிருந்து வர வேண்டியிருப்பதால், இனி நிபந்தனை விதிப்பவர்கள் வியேயின் அரசர்கள். சுங்கத்தை யார் வாங்குவது, எந்த வணிகக் கூட்டம் இறங்கலாம், எந்தக் குடும்பம் நகரில் தங்கலாம் என்பதெல்லாம் அவர்கள் அவையில் முடிவாகிறது. போர்ச்சுகல் திரும்பி வரும்போது யாரிடமிருந்து நகரை மீட்பது என்பதே தெரியாத நிலை.

இதன் தொடர்ச்சியை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முன்பு திட்டமிட்டபடி ரியோ அரண்மனையில் தொடங்கிய பக்கங்களை எடுத்துவிட்டேன். வியேயிலிருந்து மெழுகும் தந்தமும் சுமந்து புறப்பட்டு, துறைமுகம் அடைபட்டிருப்பது தெரியாமல் கரையை நோக்கி இறங்கி வரும் ஒரு வணிகக் கூட்டத்தோடு முதல் பகுதி தொடங்கும். அடுத்த வாரம் இங்கேயே பதிவிடுகிறேன். கல்வெட்டு அவர்கள் முற்றுகையின் சட்ட நுணுக்கங்களைப் பார்த்துத் தர வேண்டும்.